டாக்டர் லூஸி வில்ஸ் அம்மையார்

சென்னைத் திருவல்லிக்கேணியில், கடற்கரைக்கு அணித்தாக, கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்னும் பெயரால் இந்நாளில் வழங்கும் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று உளது. ஊரார் இன்றும் அதனைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே கூறுவர். ஆண் வைத்தியரின் முன் வர மனமொப்பாத இந்து முஸ்லிம் ஸ்திரீகளின்பொருட்டு, மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாதின் முயற்சியால், அது 1885-ஆம் ஆண்டில் தோன்றிற்று. அவ்வாஸ்பத்திரியில், 1931-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இலண்டன் மாநகரிலிருந்து வந்த வேறோர் அம்மையார் கர்ப்பிணிகளைப் பற்றிய சோகை நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரே டாக்டர் லூஸி வில்ஸ். இக்காலத்துக் கருவுற்ற பெண்களுக்கு இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும் ஃபோலிக் அமிலம் என்னும் பொருளை உலகம் அறிவதற்கு வழி திறந்தவர் அவர். வைத்திய நூல் பயின்றோரிடையே அவர் பெயர் நன்கு விளங்குவது. எனினும், அவர் பணியின் பெரும்பகுதி நம் நாட்டு மண்ணிலே, நம் நாட்டு ஏழை மாதரிடையே நிகழ்ந்தது என்பதை நம் மாணவருட் பலர் அறியார். ஆதலின் அவர் சரிதத்தை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

லூஸி அம்மையார் 1888-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள், இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரை அடுத்த ஸட்டன் கோல்ட்பீல்ட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் வில்லியம் லெனார்ட் வில்ஸ் என்பவர் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். அரிவாள் முதலிய கூர்ங்கருவிகள் செய்யும் குடும்பத் தொழிலை நடத்தியவர். தாயார் பர்மிங்ஹாம் நகரில் பேர்பெற்ற வைத்தியர் ஒருவரின் ஒரே புதல்வி. குடும்பத்தார் யூனிடேரியன் கொள்கையைப் பின்பற்றியவர்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் வரம்பிற்குப் புறத்தே நின்று, எதனையும் ஆராய்ந்தே ஏற்றுக்கொள்ளும் பழக்கமுடையவர்கள். மூத்த சகோதரர் லெனார்ட் பிற்காலத்தில் பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் பூகர்ப்ப சாஸ்திரப் பேராசிரியராய் விளங்கினார். இத்தகைய இல்லத்தில் பெண்மக்களின் கல்விக்கு எவரும் தடை கூறியிருப்பார் என்று நினைக்க இடமில்லை.

அம்மையார் 1903-இல் செல்ட்டன்ஹாம் மகளிர் கல்லூரியிலும், 1907-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நியூன்ஹாம் கல்லூரியிலும் சேர்ந்து, தாவர சாஸ்திரமும் பூகர்ப்ப சாஸ்திரமும் கற்று, 1911-இல் இரண்டாம் வகுப்பில் தேறினார். தேறியும் பட்டம் கிடைக்கவில்லை. சான்றுப் பத்திரமே கிடைத்தது. பெண்கள் பரீட்சை எழுதலாம், பட்டம் பெறலாகாது என்பது அச்சர்வகலாசாலையின் அக்கால விதி. அவ்விதி நீங்கி மாதருக்கு முழுப் பட்டம் வழங்கப்பெற்றது 1948-ஆம் ஆண்டில்; அப்போது நம் அம்மையாருக்கு வயது அறுபது.

1911-ஆம் ஆண்டிலேயே தந்தையார் தமது ஐம்பத்திரண்டாம் வயதிற் காலமானார். இரண்டாண்டு கழிந்து தமக்கை எடித் இருபத்தாறே வயதில் இறந்தார். துயருற்ற தாயாருடன் அம்மையார் 1913-இல் இலங்கைக்குச் சென்று உறவினரிடையே சின்னாள் தங்கினார். கீழ்த்திசை நாடுகளை அவர் கண்ணுற்றது அப்போதுதான். மறு ஆண்டில் இளைய சகோதரர் கார்டனுடன் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கே கேப்டவுனில் மார்கரட் ஹ்யூம் என்னும் கல்லூரித் தோழி தாவர சாஸ்திரம் போதித்து வந்தார். தோழியர் இருவரும் அந்நாளில் புதிதாய்ப் பரவிவந்த பிராய்டு என்பவரின் மனோதத்துவக் கொள்கையில் மிக்க ஈடுபாடு கொண்டிருந்தனர் என்பர். மனநோய் வைத்தியத்தையே அம்மையார் முதலில் விரும்பினார் போலும். ஆகஸ்டு மாதத்தில் முதலாம் உலகப் போர் மூண்டது. கார்டன் படையிற் சேர்ந்தார். அம்மையார் கேப்டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஊதியமின்றிச் சில வாரம் நோயாளருக்குத் தாதியாய்ப் பணி செய்துவிட்டு, ஆண்டின் இறுதியில் தாய்நாடு திரும்பினார்.

1915-ஆம் ஆண்டு ஜனவரியில், இலண்டன் ராயல் பிரீ ஆஸ்பத்திரியைச் சார்ந்த மாதர் வைத்தியக் கல்லூரியில் அவர் சேர்ந்தார். இக்கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை. கோஷா ஆஸ்பத்திரியைத் தோற்றுவித்த மேரி ஷார்லீப் சென்னை வைத்தியக் கல்லூரியில் முதலிற் கற்று, பின்னர்ச் சென்று பயின்றது இவ்விடத்தேதான். பம்பாயில் மகப்பேற்று வைத்தியத்திற் சிறந்து விளங்கிய ஜெரூஷா ஜிராத் அம்மையாரும் இங்கே படித்தவர். இந்தியாவுக்கும் அக்கல்லூரிக்கும் இடையே இங்ஙனம் ஒரு பாதை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. நம் அம்மையார் பின்னாளில் அதன் வழியே நடந்தார். 1920-இல், முப்பத்திரண்டாம் வயதில், அவர் வைத்தியப் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றோர் பலரும் நாடும் வைத்தியத் தொழிலை அவர் நாடவில்லை. அதே ஆஸ்பத்திரியில் கர்ப்ப காலத்து நோய்களை இரசாயன முறையால் ஆராயும் பகுதியில் அமர்ந்து, ஆராய்ச்சியும் போதனையுமாக எட்டாண்டு கழித்தார். இக்காலத்தைப் பற்றிப் பெரிதாய்ச் சொல்லுதற்கு ஒன்றுமில்லை.

இனி, அவர் இந்தியாவுக்கு வர நேர்ந்த நோயைப் பற்றிக் கூறுவாம். சோகை என்பது நம் தாய்மார் நன்கறிந்த நோய். முகம் வெளுத்தல், கால் வீங்குதல், நாலடி நடந்தால் மூச்சு வாங்குதல் ஆகிய இவை அதன் குறிகள். இவற்றுட் பெரும்பாலானவை இரும்புச் சத்துக் குறைவினால் வருவன. அப்போது இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறிக் காணும். ஆனால் வேறொரு வகையும் உண்டு. அதில் அணுக்களின் எண்ணிக்கை மிகக் குறைந்து, எஞ்சிய அணுக்கள் இயல்பிற் பெரியனவாய், முதிர்ச்சியற்றனவாய் இருக்கும். கருவுற்ற மாதருக்கு இது வந்தால், பிரசவத்திற்கு முன்னரோ பிரசவித்த சின்னாளிலோ தாய் இறத்தல் அக்காலத்தில் சாதாரணம்; குழந்தையும் பிழைப்பது அரிது. மேனாட்டில் முதியோரைப் பற்றும் பெர்னீஷியஸ் அனீமியா என்னும் கொடுஞ்சோகையை இது பெரிதும் ஒத்திருந்தமையால், வைத்தியர் இதனையும் கர்ப்பகாலத்துக் கொடுஞ்சோகை என்று அழைத்தனர். அம்மேனாட்டுச் சோகைக்கு 1926-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மைனாட், மர்பி என்னும் இரு வைத்தியர், நாள்தோறும் ஈரலை மிகுதியாய் உண்பித்தலே சிகிச்சை என்று காட்டினர். ஈரல் உண்டால் கர்ப்பிணிகளும் தேறுவதுண்டு. ஆயின் வேளாவேளைக்கு ஈரல் வாங்க ஏழை எங்கே போவாள்? புலால் தொடாத குடும்பத்துப் பெண் அதனை எங்ஙனம் உண்பாள்? பெயர் ஒன்றாயிருப்பதால் நோயும் ஒன்றுதானோ என்னும் வினாவும் விடையின்றிக் கிடந்தது.

அந்நாளில் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் என்பதொன்று இருந்தது. 1911-இல் நிறுவப்பெற்று, 1949-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எனப் பெயர் மாறியது அதுவே. அச்சங்கத்தின் சார்பில் பிரசவ மரணங்களின் காரணங்களை ஆராயும் முயற்சி ஒன்று தொடங்கிற்று. அதனை நடத்திய மார்கரட் பால்பர் அம்மையார் ஸ்காட்லாந்து தேசத்தவர். இந்திய மாதரின் வைத்தியத்திற்கே வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டவர். சோகை நோயைத் தனியே எடுத்து ஆராய வல்லார் ஒருவர் வேண்டும் என்று கண்டு, அவர் வில்ஸ் அம்மையாரை அழைத்தார். 1928-இல் அம்மையார் பம்பாய் வந்து, ஹாப்கின் ஆராய்ச்சிச் சாலையில் அமர்ந்தார்.

வந்தவர் முதலிற் செய்தது யாது? நோயாளியின் இரத்தத்தோடு அவர் நின்றுவிடவில்லை. அவள் வீட்டு அடுப்பங்கரையையும் நோக்கினார். தால்பதே என்னும் உடனுழைப்பாளருடன் சேர்ந்து, பம்பாயில் வெவ்வேறு வகுப்பைச் சார்ந்த மாதர் எதனை உண்கின்றனர், எவ்வளவு உண்கின்றனர், எத்தகைய வீட்டில் வசிக்கின்றனர் என்று விசாரித்து எழுதினார். அந்நகர் பஞ்சாலைகளுக்குப் பேர்போனது; ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் இருண்ட அறைகளில் நெருங்கி வாழ்ந்தன. உணவு எங்கே மிகக் குறைபாடுடையதோ அங்கே இந்நோயும் மிகுதி என்பது புலனாயிற்று. ஏழை முஸ்லிம் மாதரே இவ்விரண்டிலும் முன்னின்றனர். நோயை ஏதோ ஒரு கிருமியின் நஞ்சென்று கருதியவர் பலர் இருந்த அக்காலத்தில், பிணியின் வேர் உணவுக் கலத்தில் இருத்தல் கூடும் என்னும் எண்ணம் அவருக்கு இவ்வாறு வலுப்பட்டது. நம் கருத்தில், அவர் செய்த காரியங்களுள் இவ்விசாரணையே தலையாயது. பின்வந்த ஆராய்ச்சிகள் யாவும் இதன்மேல் எழுந்த மாடங்களே.

1929-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அம்மையார் நீலகிரியிலுள்ள குன்னூரிலே தங்கினார். அவ்வூர்ப் பாஸ்டர் நிலையத்தில் உணவு ஆராய்ச்சியை அப்போது நடத்திவந்தவர் ராபர்ட் மக்காரிசன். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்கு ஊட்டி, அவற்றின் வளர்ச்சியை ஒப்புநோக்கியமையால் உலகப் புகழ் எய்தியவர் அவர். குன்னூரில் விதைத்த அவ்வாராய்ச்சி 1958-இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிலையமாய்த் தழைத்துள்ளது. மக்காரிசனின் முறையையே அம்மையாரும் கைக்கொண்டார். பம்பாயின் ஏழை முஸ்லிம் மாதர் உண்ட உணவைப் போன்றதையே சினையுற்ற வெள்ளெலிகளுக்கு ஊட்டினார். எலிகள் சோகையுற்றன, குட்டி ஈனுமுன் பல இறந்தன. உணவோடு ஈஸ்ட் சேர்க்கவே அச்சோகை வராது நின்றது. ஈஸ்ட் என்பது மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர். பி என்னும் ஜீவசத்து வகை அதில் நிறைந்துள்ளது.

இவ்விடத்தில் ஒரு சங்கடம் நேர்ந்தது; அதனை மறைத்துச் சொல்லுதல் முறையன்று. அவ்வெலிகளின் மேனியிற் பேன்கள் இருந்தன. பேன்கள் பார்ட்டொனெல்லா என்னும் கிருமியைச் சுமந்தன. அக்கிருமியே எலிகளுக்குச் சோகையை உண்டாக்க வல்லது. ஆகவே எலிகள் வெளுத்தது உணவினாலோ கிருமியினாலோ என்று துணிதல் அரிதாயிற்று. அம்மையாரும் அவருடன் உழைத்த மேத்தாவும் தம் கட்டுரையில் அக்கிருமியைக் குறிப்பிட்டே எழுதினர். வேறொருவராயின் இங்கே மனம் தளர்ந்திருப்பர். அல்லது சங்கடத்தை மூடிவிட்டு மேற்சென்றிருப்பர். அம்மையார் இவ்விரண்டும் செய்யாது, எலிகளை விட்டுக் குரங்குகளை எடுத்துக்கொண்டார்.

குரங்குகளும் குறையுணவால் அத்தகைய சோகையையே அடைந்தன. அவற்றுள் நலிந்த ஒன்றுக்கு மார்மைட் என்பதைக் கொடுக்க, அது தேறி எழுந்தது. மார்மைட் யாது என்று கேட்பார்க்குச் சொல்லுவோம். பீர் என்னும் மதுபானம் வடிக்கும் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்டைச் சாறாக்கி இறுக்கிச் செய்த கருமையான பசை அது. உப்புச் சுவையும் கடுமணமும் உடையது. 1902 முதல் இங்கிலாந்திலே விற்பனையாவது. ரொட்டியில் மெல்லிதாய்த் தடவி உண்பது. சிலர் பெரிதும் விரும்புவர், சிலர் அருகிலும் சேர்க்கார். ஆலையின் கழிபொருளாதலால் விலை மலிவு. புலால் அன்று, ஆதலின் எவ்வகுப்பினரும் உண்ணத்தக்கது.

பின்னர் மனிதரிடம் வந்தார். சோகை முற்றிய கர்ப்பிணிகளுக்கு மார்மைட் கொடுத்து, அவர்கள் இரத்தத்தை அடுத்தடுத்துப் பரிசோதித்தார். சில நாளிலேயே இளஞ்சிவப்பணுக்கள் இரத்தத்திற் பெருகத் தொடங்கின, பசி எடுத்தது, முகத்தில் நிறம் திரும்பிற்று. படுக்கையில் எழ மாட்டாது கிடந்தவர் எழுந்து நடந்தனர். 1931-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் பத்திரிகையில் அவர் இம்முடிவுகளை வெளியிட்டார். தாம் கண்டது யாது, காணாதது யாது என்று அதில் வரம்பு கட்டியே பேசினார். ஈஸ்டிலும் ஈரலிலும் உள்ள ஏதோ ஒரு பொருள் இந்நோயைத் தீர்க்கின்றது என்பது உறுதி; அப்பொருள் இன்னதென்று தெரியவில்லை. பெயரில்லாத அப்பொருளைப் பிற்காலத்தார் வில்ஸ் அம்மையாரின் பெயராலேயே வில்ஸ் காரணி என வழங்கினர்.

இனி ஓர் ஐயம். ஆங்கில அரசு நடந்த காலத்தில், எழுத்தறியாத ஏழைப் பெண்களிடம் இத்தகைய சோதனை நடத்தியது தக்கதோ என்று இன்றைய மாணவர் கேட்கலாம். கேட்க வேண்டிய வினாவே அது. நோயாளியின் ஒப்புதலை எழுத்தில் வாங்கும் வழக்கம் அந்நாளில் எந்நாட்டிலும் வேரூன்றவில்லை. எலிக்கும் குரங்குக்கும் கொடுத்து நோக்கிய பின்னரே, கேடு விளைக்காத உணவுப் பொருள் ஒன்றையே அம்மையார் நோயாளருக்குக் கொடுத்தார் என்பது அவர் சார்பிற் சொல்லத்தக்கது. ஆயினும், ஆராய்ச்சி செய்தோர் பெயர்களெல்லாம் அச்சில் ஏறின. தம் விரலில் ஊசி ஏற்று இரத்தம் கொடுத்த பம்பாய் மாதரும் சென்னை மாதரும் எண்களாகவே நின்றுவிட்டனர். அக்குறையை எவரும் இனி ஈடு செய்ய இயலாது.

1933-இல் அம்மையார் இலண்டன் திரும்பி, ராயல் பிரீ ஆஸ்பத்திரியில் முழு நேரமும் உழைத்தார். கிளட்டர்பக், எவன்ஸ் என்னும் இருவரும் அவருக்குத் துணையாயினர். அப்போது ஈரற்சாற்றை மேன்மேலும் தூய்மையாக்கி ஊசி மருந்தாய்ச் செய்யும் முறை முன்னேறி வந்தது. தூய சாறு மேனாட்டுக் கொடுஞ்சோகையை முன்னினும் நன்றாய்த் தீர்த்தது. அதே சாறு பம்பாய்க் கர்ப்பிணிகளைத் தீர்க்குமா என்று சோதிக்க, 1937-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அம்மையார் மீண்டும் இந்தியா வந்தார். இம்முறை கடலில் மிதந்தெழும் ஆகாய விமானத்தில், ஐரோப்பாவையும் பாலஸ்தீனத்தையும் பாரசீக வளைகுடாவையும் இடையிடையே தங்கித் தங்கிக் கடந்து, கராச்சியில் இறங்கி, அங்கிருந்து கப்பலேறிப் பம்பாய் சேர்ந்தார். பத்து வாரம் ஹாப்கின் சாலையில் ஆராய்ந்தார்.

விடை தெளிவாய்க் கிடைத்தது. தூய்மை செய்யாத ஈரற்சாறு பம்பாய் மாதரைத் தேற்றிற்று. தூய்மை செய்த சாறு தேற்றவில்லை. தூய்மை செய்கையில் எந்தப் பொருள் விலக்கப்பட்டதோ, அதுவே இவர்களுக்கு வேண்டிய பொருள். அன்றியும், மேனாட்டு நோயாளரின் இரைப்பையில் அமிலம் சுரப்பதில்லை; இவர்களுக்கோ அது சுரந்தது. ஆகவே தோற்றத்தில் ஒன்றுபோலக் காணும் இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள் என 1938-இல் அம்மையாரும் எவன்ஸும் லான்செட் பத்திரிகையில் எழுதினர். இஃது ஏட்டளவில் நிற்கும் நுட்பம் என்று எண்ணற்க. பின்னாளில் ஃபோலிக் அமிலம் கிடைத்தபோது, வைத்தியர் சிலர் அதனைக் கொடுஞ்சோகைக்கும் கொடுத்துப் பார்த்தனர். இரத்தம் செழித்தது; நரம்புகளோ கெட்டு, நோயாளர் கால் தள்ளாடினர். அந்நோய்க்கு உரிய மருந்து பி-12 என்னும் வேறோர் ஜீவசத்து. அது 1948-இல் பிரித்தெடுக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரின் காலமெல்லாம் அம்மையார் இலண்டனிலே அவசர வைத்தியச் சேவையில் நோய்க்கூற்று நிபுணராய் இருந்தார். 1944 ஜூலையில் பறக்கும் குண்டு ஒன்று ஆஸ்பத்திரியின் மீதே வீழ்ந்து பலர் மாண்டனர். சில நாள் மட்டுமே வேலை நின்றது. போர் முடிவதற்குள், அவ்வாஸ்பத்திரியில் இரத்த ஆராய்ச்சிக்கெனத் தனிப் பகுதி ஒன்றை அவர் அமைத்துவிட்டார்.

அவர் தேடிய பொருள் யாதென்பது இதற்கிடையே அமெரிக்காவில் வெளிப்பட்டது. 1941-இல் டெக்ஸாஸ் சர்வகலாசாலையைச் சார்ந்த மிச்சல், ஸ்னெல், வில்லியம்ஸ் என்னும் மூவர், பசலைக்கீரையைப் போன்ற ஒரு கீரையை நான்கு டன் எடுத்து வடித்து, நுண்ணுயிர்களை வளர்க்கும் பொருள் ஒன்றைச் சிறிதளவு பெற்றனர். இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லைக்கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். நான்கு டன் கீரையிலிருந்து கிடைக்கும் மருந்து எவருக்குப் போதும்? அதனை ஆய்வுச் சாலையிலே செயற்கையாய் ஆக்கும் வேலையை லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்தார் 1945-இல் முடித்தனர். அந்நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவராயிருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திர நாட்டுப் பீமவரத்திற் பிறந்து, சென்னை வைத்தியக் கல்லூரியில் கற்று, வெள்ளையராட்சிக் காலத்தில் கதராடை உடுத்தியமையால் அங்கே உரிய பட்டம் பெறாது போனவர். சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியில் ஒருவர் தேடிய பொருளை, சென்னையிற் பயின்ற வேறொருவர் கடல் கடந்து அமெரிக்காவிலிருந்து ஆக்கிக் கொடுத்தார். இருவரும் ஒருவரையொருவர் சந்திக்காமலே இது நடந்தது எனின், விஞ்ஞானக் கூட்டுறவு சபை கூடித்தான் நிகழ வேண்டும் என்பதில்லை.

அதே 1945-இல் டாம் ஸ்பைஸ் என்னும் வைத்தியர் அப்பொருளைச் சோகை நோயாளருக்குக் கொடுத்துக் குணங்கண்டார். அவர் ஊரின் பெயரும் பர்மிங்ஹாம். ஆனால் அது அமெரிக்காவின் அலபாமா நாட்டிலுள்ள பர்மிங்ஹாம். கரு வளரும்போதும், குருதியணுக்கள் பிறக்கும்போதும், ஓர் உயிரணு இரண்டாய்ப் பிரிவதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது என்பது பின்னர் விளங்கிற்று. வயிற்றுக் குழந்தை தன் பங்கை எடுத்துக்கொள்ள, தாயின் கையிருப்பு வற்றுகின்றது. புத்தம் புதிய கீரையிலும் பருப்பு வகையிலும் இச்சத்து உண்டு. நெடுநேரம் கொதிக்கவைத்தால் பெரும்பகுதி அழியும். முருங்கைக் கீரையைக் குழைய வேகவைத்து நீரைக் கொட்டிவிடும் சமையற்கட்டுகளில் இதனைச் சொல்லுதல் நலம்.

அம்மையார் 1947-இல் ஓய்வு பெற்றார், ஆயினும் ஓய்ந்திருக்கவில்லை. ஜமைக்கா, பீஜித் தீவு, தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களுக்குச் சென்று, ஆங்காங்குள்ள மக்களின் உணவையும் சோகையையும் குறித்து ஆராய்ந்தார். இலண்டனில் செல்ஸி நகரசபைக்குத் தொழிற்கட்சியின் சார்பில் உறுப்பினராகி, கடைசிப் பத்தாண்டும் ஊர்ப்பணி செய்தார். மணம் புரிந்துகொள்ளவில்லை. வேலைக்கு மோட்டாரில் செல்வதினும் சைக்கிளில் செல்வதையே விரும்பினார். மலையேறுவதிலும் பனிமேற் சறுக்கிச் செல்வதிலும் மிக்க ஆசை. கேப்டவுன் தோழி ஹ்யூமுடன் நட்பு இறுதிவரை நீடித்தது. 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் உயிர் நீத்தார்.

மருந்து தெரிந்தபின் நோய் ஒழிந்ததோ எனின், இல்லை. மார்மைட் பற்றிய கட்டுரை 1931-இல் வெளிவந்தது. இந்தியக் கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை அரசாங்கம் ஒரு திட்டமாய் வகுத்து வழங்கத் தொடங்கியது 1970-இல். இடையே சென்றவை முப்பத்தொன்பது ஆண்டுகள். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், கர்ப்பிணிகளுள் நூற்றுக்கு 52 பேருக்கு மேல் சோகையுடையவராய்க் காணப்பட்டனர். அவற்றுள் இரும்புக் குறைவினால் வருவதே மிகுதி என்பது மெய். மாத்திரை கொடுக்கப்பட்டும் வயிற்றுப் புரட்டலுக்கு அஞ்சி அலமாரியில் வைத்துவிடுவோர் பலர் என்பதும் மெய். இவ்வெண்ணைப் பார்க்கும்போது, முதலிற் சமையலறையை விசாரித்த அம்மையாரின் முறை நம்மவரால் போதிய அளவு பின்பற்றப்படவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

அம்மையார் இறந்த மறு ஆண்டிலே அவர் எண்ணிப் பாராத திசையில் இப்பொருளின் கதை திரும்பியது. 1965-இல் லிவர்ப்பூல் நகரத்து ஹிப்பர்ட், ஸ்மித்தெல்ஸ் என்னும் இருவர், முதுகெலும்பும் மண்டையோடும் மூடாமற் பிறக்கும் குழந்தைகளின் தாய்மாருக்கு இச்சத்துக் குறைவு இருத்தல் கூடும் என்று எழுதினர். கரு உண்டான முதல் நான்கு வாரத்திற்குள், தான் கருவுற்றதையே தாய் அறியுமுன், அவ்வூனம் நேர்ந்துவிடுகின்றது. சத்து மாத்திரை உண்ட தாய்மாரிடம் இவ்வூனம் குறைந்தது என்று ஸ்மித்தெல்ஸும் அவர் கூட்டத்தாரும் 1980-இல் வெளியிட்டனர். மாத்திரையை நாடி வந்தவர்கள் இயல்பாகவே நலமுள்ளவர்களாய் இருக்கலாமே என்று மறுத்தோர் பலர். சீட்டுக் குலுக்கினாற்போல் தாய்மாரைப் பிரித்துச் சோதித்தாலன்றி ஐயம் தீராது. ஆனால் இவ்வூனம் அருகி நிகழ்வது. ஒரு நாட்டில் மட்டும் போதிய தாய்மாரைத் திரட்ட முடியாது.

ஆகவே பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கழகத்தார், ஏழு நாடுகளில் 33 நிலையங்களைச் சேர்த்து ஒரே முறையில் ஒரு சோதனை நடத்தினர். பிரிட்டன், ஹங்கேரி, இஸ்ரேல், ஆஸ்திரேலியா, கனடா, பிரான்ஸ் ஆகியவற்றோடு, அவ்வாராய்ச்சி முடிந்த ஆண்டின் இறுதியில் நாடாகவே இல்லாது கலைந்துபோன சோவியத் ருஷ்யாவும் அதில் இருந்தது. முன்பு இத்தகைய குழந்தையைப் பெற்ற 1,817 தாய்மார் அடுத்த கருவுக்கு முன்னரே சேர்க்கப்பட்டனர். எவருக்கு எந்த மாத்திரை என்பது தாய்க்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. ஊனமுற்ற கருக்கள் 27 ஏற்பட்டன. அவற்றுள் ஃபோலிக் அமிலம் உண்டோரிடம் 6, உண்ணாதோரிடம் 21. நூற்றுக்கு 72 பங்கு காப்பு. முடிவு இவ்வளவு தெளிவாயிருக்கையில் பாதிப் பேருக்கு அதனைக் கொடாதிருத்தல் தகாது என்று, கண்காணிக்கும் குழுவார் 1991 ஏப்ரலிற் சோதனையை இடையிலே நிறுத்திவிட்டனர்.

பின்னர் 1993 முதல் 1995 வரை சீன வைத்தியரும் அமெரிக்க வைத்தியரும் கூடி, சீனாவில் மணமாகப் போகும் பெண்களைப் பரிசோதனைக்கு வரும்போதே கண்டு, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உள்ள மாத்திரையை உண்ணச் செய்தனர். இரண்டரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த தாய்மாரின் கர்ப்பம் கணக்கெடுக்கப்பட்டது. இவ்வூனம் மிகுந்திருந்த வடசீனத்தில், மாத்திரை உண்ணாதோரிடம் ஆயிரத்துக்கு 4.8 ஆக இருந்தது, உண்டோரிடம் 1.0 ஆகக் குறைந்தது. 1998 முதல் அமெரிக்காவிலும் கனடாவிலும் ரொட்டி மாவிலேயே இச்சத்தைக் கலந்து விற்க வேண்டும் என்று சட்டம் செய்யப்பட்டது.